இரண்டு பொட்டலம் அசோகப்பட்டை

சித்திக்காக நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் அசோகப்பட்டை வாங்கினேன். போதவில்லை, மறுவாரம் வேறொரு கடையில் இன்னொரு நூறு. இரண்டையும் முறத்தில் கொட்டிப் பார்த்த சித்தி, "இது அதில்லையேடா" என்றார். முதல் பொட்டலத்துப் பட்டை வெளியே சொரசொரப்பாய்ப் புள்ளி தட்டி, உள்ளே செம்மண் நிறமாக இருந்தது. இரண்டாவது, கிள்ளினால் நார்நாராகப் பிரிந்தது. பொட்டலத்தில் மட்டும் ஒரே பெயர்.

இரண்டாவது எது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட மதிலோரம் ஈட்டிபோல் நிற்குமே, அந்த நெட்டிலிங்கம். அதை அசோக மரம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பிண்டி என்று சொல்வதுதான் அசல் அசோகம். சந்தையில் அசோகப்பட்டை என்ற பெயரில் விற்றதை டிஎன்ஏ சோதனை செய்து பார்த்ததில் பெரும்பாலானவை வேறு மரங்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. கோபம் வந்தது. இரண்டாம் கடைக்குப் போய்க் கேட்டேன். "நல்ல சரக்கு வரத்தே இல்லியே, சார். நான் எங்க போக?" என்றார் அண்ணாச்சி. அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

வரத்து எங்கே நின்றது? விருதுநகர் சரக்கு வியாபாரிகளிடம் விசாரித்தேன். மலையாளத்துக் காடு, கன்னடத்துக் காடு என்று கை காட்டினார்கள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

செங்கோட்டை தாண்டி, கேரளப் பக்கத்தில், காட்டு வேலை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார். அசோகம் ஈரத்தை விட்டு விலகாத மரம். அங்கே ஒன்று நின்றது. இடுப்பிலிருந்து ஆள் உயரம் வரை சுற்றிலும் உரித்திருந்தது. மேலே இலை பச்சை.

"பச்சையா இருக்கேன்னு பாக்காதீங்க. இது தேறாது" என்றார்.

தண்ணீர் மேலே ஏறுவது உள்கட்டை வழியாக. அதனால் இலை சில காலம் வாடுவதில்லை. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியோ பட்டையின் உள்தோல். வளையமாக உரித்தால் அந்த வழி அறுந்துபோகிறது. வேர் பட்டினியில் சாகிறது, பிறகே மரம். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீற்றாக எடுத்திருந்தால் ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து மூடியிருக்கும். எடைக்குக் கூலி என்றால் எவன் கீற்றாக எடுப்பான்? இன்று விட்டுவைத்ததை நாளை இன்னொருவன் உரித்துக்கொண்டு போவான்.

கத்தி முதலில் தேடுவது பருத்த மரத்தை. பட்டை அதில்தான் கனம். காய்த்து விதை போடுவதும் அதே மரம்தான். அசோக விதை காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்காது. தாய்மரம் போனால் அடுத்த மழைக்குக் கன்று இல்லை. அந்த மரத்தடியில் குனிந்து தேடினேன். ஒன்றுகூட இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998லேயே அசோகத்தை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பெரியவர் கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். என் சுண்டுவிரல் கனம். "இந்த மாதிரிப் பட்டை இப்ப கிடைக்காது. கிளையையும் விடாம உரிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்ததும் சித்தியின் அசல் பொட்டலத்தைப் பிரித்தேன். எல்லாத் துண்டும் தீப்பெட்டி அட்டை கனம்தான்.