பதினான்கு வேகங்களும் ஆறு தறிகளும்

ஆறு மாதத்துக்குள் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்போடு வந்து உட்கார்ந்தார் அவர். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். கை பிடித்து நாடி பார்த்தேன். பித்தம் மீறி நின்றது. முந்தைய இரண்டு முறையும் இதேதான். அப்போதெல்லாம் நெருஞ்சிலும் சிறுபீளையும் சேர்த்துக் குடிநீர் கொடுத்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன், குடிப்பதில்லை என்று தெரிந்ததும் கடிந்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் மருந்துக்குக் கேட்டது. ஒவ்வொரு முறையும் நோய் திரும்பி வந்தது.

சித்த மருத்துவம் படித்தவர்களுக்குப் பதினான்கு வேகங்கள் மனப்பாடம். கீழ்வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. இவற்றை அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று நூல்கள் வகுத்திருக்கின்றன. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே என்று ஊரில் சொல்வதும் இந்தப் பாடம்தான். சிறுநீரையும் கண்ணீரையும் ஒரே வரிசையில் வைத்த அறிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். தறிக்குத் தார் சுற்றும் பெண்கள் பலர் நெஞ்சை அடைக்கிறது என்று வருவார்கள். இ.சி.ஜி. எடுத்து இதயத்தில் கோளாறில்லை என்று தெளிந்த பிறகு, சும்மா பேசவிடுவேன். பத்து நிமிடத்தில் அழுகை வந்துவிடும். அழுது ஓய்ந்தபின் பிடித்துப் பார்க்கும் நாடி வேறாக இருக்கும்.

நான் படித்த அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. அடக்க வைப்பது யார்?

மூன்றாவது முறை வந்த அன்று கடிந்துகொள்ளாமல், ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன்.

“தண்ணி குடிச்சா ஒன்னுக்குப் போகோணுமுங்க. போயிட்டு வர்றதுக்குள்ள நூல் அறுந்து துணி சேதாரமாச்சுன்னா கூலியில புடிச்சுக்குவாங்க. அதனால வேலைக்குப் போறப்ப குடிக்கறதே இல்லீங்க.”

என் பேச்சை அவர் அலட்சியம் செய்யவில்லை. கணக்குப் பார்த்து முடிவெடுத்திருந்தார்.

அந்த வாரம் அவர் பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மீட்டர் கணக்கில் கூலி, ஒரு ஆளுக்கு ஆறு தறி. நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை. மூலையில் ஒரு குடம் இருந்தது. மூடிய தட்டின் மேல் பஞ்சுத் தூசி படிந்து கிடந்தது. காலையிலிருந்து அதை யாரும் தூக்கவில்லை. இத்தனை வருடம் நாடியில் தேடியது அந்தத் தட்டின் மேல் இருந்தது.

அந்தத் தறியை விட்டு ஏன் வேறு இடம் போகவில்லை என்று கேட்டால், இங்கே எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: பாக்கி. வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் வாங்கும் முன்பணம் அது. கல்யாணத்துக்கு, வீட்டுக்கு, பல சமயம் வைத்தியத்துக்கு. உழைத்தாலும் அது எளிதில் கரைவதில்லை. விலகுவதென்றால் மொத்தத்தையும் கட்ட வேண்டும், இல்லையென்றால் புது முதலாளி அதைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். நோய்க்கு வாங்கிய கடனே அடுத்த நோய்க்குக் காரணமாவதை இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கடன் நெருக்கி விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தையே விற்ற செய்தியில் 2025-இல் பள்ளிபாளையத்தின் பெயர் அடிபட்டது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. அந்த உடல்களுக்கு வாதம், பித்தம், கபம் என்று மட்டும் காரணம் எழுத என் கை கூசுகிறது.

இந்த மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்று சொல்லும் வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரமே, அந்த நோய் எதனால் வந்தது என்று தேடவும் சொல்கிறது. தேடலை உடம்போடு நிறுத்திக்கொண்டது நாங்கள்தான். உடம்பைத் தாண்டித் தேடியவர் இத்தாலியில் ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர். தன் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்தவர் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார் என்று கேட்டதில் தொடங்கி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்கச் சொன்னார். நான் இன்னும் இரண்டு சேர்த்துக்கொண்டேன். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வுக்குக் கீழே என் நோட்டில் இப்போது இரண்டு வரி உண்டு: எத்தனை தறி? எவ்வளவு பாக்கி?

நான்காவது முறை அவர் வந்தபோது குடிநீர்ப் பொட்டலத்தோடு முதலாளிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவர் தண்ணீர் குடித்து வெளியே போய்வர வேண்டும், அதுவரை தறியை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. எழுத்துக்கூட்டிப் படித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“இதக் காட்டுனா, பாக்கியக் கட்டீட்டுப் போன்னு சொல்லீருவாருங்களே, வைத்தியரே?”