விடைபெறும்போதும் அமானிதம்

வேலையில் சேரும் நாளுக்கு நம் வீடுகளில் சில ஒழுங்குகள் உண்டு. இரண்டு ரக்அத் நஃபில் தொழுகை, தாயின் துஆ, அக்கம்பக்கத்தாருக்கு இனிப்பு. வேலையிலிருந்து நீக்கப்படும் நாளுக்கோ எந்த ஒழுங்கையும் எவரும் கற்றுத் தருவதில்லை. ஆயினும் அந்த நாள் பலரது வாழ்வில் வரவே செய்கிறது. நம் ஈமானும் நாவும் கையும் ஒருசேரச் சோதிக்கப்படும் நாள் அது.

நாங்கள் நால்வர் செங்கல்பட்டுக்காரர்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் சென்று, மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில் பணியாற்றி வந்தோம். கணக்கு, முன்பதிவு, சமையற்கூடம், பராமரிப்பு ஆகியவை எங்கள் பொறுப்பில் இருந்தன. பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 17 முதல் தொல்லியல் துறை நாடெங்கும் நினைவுச் சின்னங்களை மூடியது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் அடைபட்டபின் பயணிகள் வரத்து நின்றுபோயிற்று. சில மாதங்கள் அரைச் சம்பளத்தில் கழிந்தன. பின்பு ஒரு நாள், திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது. எழுத்து மூலமாக எதுவும் தரப்படவில்லை. எங்களுள் மூத்தவர் அங்கே பதினோர் ஆண்டுகள் உழைத்திருந்தார்.

அன்றிரவு மூத்தவர் வீட்டில் கூடினோம். விடுதியின் முன்பணம், பாக்கி விவரங்கள் யாவும் ஒரு கையேட்டில் இருந்தன. அது எங்களிடம் இருந்தது. அதைக் கொடுக்காமல் விட்டால் நிர்வாகம் திணறட்டுமே என்ற பேச்சு எழுந்தது. மூத்தவர் மறுத்தோ கண்டித்தோ ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கையேட்டைத் திறந்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

திருமண விருந்துக்கு முன்பணம் செலுத்தி, ஊரடங்கால் தேதியைத் தள்ளிவைத்த மூன்று குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன. தேவனேரியிலிருந்து மீன் கொண்டுவருபவருக்குத் தரவேண்டிய இரண்டு மாத பாக்கி இருந்தது. சலவைத் தொழிலாளியின் கூலிக் கணக்கும் இருந்தது. கையேடு மறைந்தால் நிர்வாகத்துக்குச் சில நாள் தலைவலி, அவ்வளவே. இவர்களுக்கோ பணமே கைவிட்டுப் போகும். எங்கள் கையில் இருந்த அமானிதம் முதலாளிக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது எங்கள் அனைவருக்கும் விளங்கிற்று.

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டுப் புறப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். அவர்களை ஊரைவிட்டு விரட்டிய மக்கள், தம் விலைமதிப்புள்ள பொருள்களை அவர்களிடமே பாதுகாப்பாகக் கொடுத்து வைத்திருந்தனர். உயிருக்கே ஆபத்தான அந்த இரவிலும் அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதை நிறைவேற்றிய பின்னரே அலீ (ரலி) மதீனாவுக்குச் சென்றார்கள். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி, நாம் திருப்பித் தரவேண்டிய பொருளை நமக்குச் சொந்தமாக்கிவிடாது.

மறுநாள் விடுதிக்குச் சென்றோம். முன்பணம், பாக்கிகள், சாவிகள், சேமிப்பறையின் இருப்பு ஆகியவற்றை இரு படிகளாக எழுதினோம். பெற்றுக்கொண்டவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்கி ஒரு படியை நாங்கள் வைத்துக்கொண்டோம். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களில் ஒன்றைக்கூட எங்களுக்கெனக் குறித்துக்கொள்ளவில்லை. சம்பளமின்றி இரண்டு நாள் ஆயிற்று.

இவ்வாறு கண்ணியமாக வெளியேறுவதை உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பணிக்கொடைக்கான சட்ட உரிமை 1972 முதல் நம் நாட்டில் உள்ளது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை சேர வேண்டும். கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்றும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும் என்றும் தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எங்கள் மூத்தவர் பணிக்கொடையை எழுத்து மூலமாகக் கேட்டார். பதில் வராதபோது தொழிலாளர் துறையை அணுகினார். கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. உரிய தொகையில் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் பணம் வந்தது.

இதையே பெரிய அளவில் நம் மாவட்டம் கண்டிருக்கிறது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறைமலை நகர் ஆலையின் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கோரி 2022 மே இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜூன் மாதத்தில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. தமக்குரியதைக் கேட்கும் குரலும், கையிலுள்ள வேலையைச் செய்து முடிக்கும் கரமும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

நாவைக் காப்பதற்குக் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் முன்மாதிரி. 634இல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற உமர் (ரலி), சிரியாவின் தலைமைத் தளபதி பொறுப்பிலிருந்து அவர்களை விலக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை நியமித்தார்கள். தமக்கெனப் படைவீரர்களின் கூட்டமொன்றைத் திரட்டக்கூடிய புகழ் காலித் (ரலி) அவர்களுக்கு இருந்தது. அவர்களோ புதிய தளபதியின் கீழ் தொடர்ந்து போரிட்டார்கள். பதவி போயிற்றே தவிர, மதிப்புப் போகவில்லை.

வீட்டாருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. வேலை இழந்து வருபவரிடம் 'நீ என்ன தவறு செய்தாய்?' என்பது முதற்கேள்வியாக இருக்கலாகாது. வேலையிழந்தவரும் வீட்டில் உண்மையை மறைத்து, காலையில் வேலைக்குச் செல்வதுபோலக் கிளம்பிச் சென்று பூங்காவில் பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நிறுவனம் ஒரு வழி மட்டுமே. இந்தச் சொல்லை அந்த முதல் இரவில் வீட்டிலிருப்பவர் சொல்லக் கேட்பது பெரும் ஆறுதல்.

எங்களுள் இருவருக்கு வேறு விடுதிகளில் வேலை கிடைத்தது. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். மூத்தவர் செங்கல்பட்டில் சிறு கடை வைத்திருக்கிறார். மீன் கொண்டுவருபவருக்கு அவருடைய பாக்கி கிடைத்துவிட்டது என்று பின்னர் அறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கடற்கரைச் சாலையில் செல்ல நேரும்போது, பழைய விடுதியின் வாயிலில் நின்று காவலாளியை நலம் விசாரிக்க எங்களுக்குக் கூச்சமில்லை.