பறவையும் பளிங்கும்

ஆராய்ச்சி என்னும் சொல் நம்மிடையே பெரும்பாலும் இருவகையாகவே பொருள்கொள்ளப்படுகின்றது. ஒரு சாரார் அதனைப் பட்டம் பெறுதற்குரிய வழியென்பர். மற்றொரு சாரார் உடனடித் தேவையொன்றை நிறைவுசெய்யுங் கருவியென்பர். இவ்விரண்டனுள்ளும் அடங்காத ஓர் ஆராய்ச்சி வாழ்க்கையை நான் சில ஆண்டுகளாக ஈடுபாட்டுடன் படித்து வந்துள்ளேன். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய வைரசியலறிஞர் கிரேம் லேவர் (1929–2008) என்பாரது வாழ்க்கையே அது. நுண்ணுயிரியலைக் கற்பிக்கும் எனக்கு அவ்வாழ்க்கை உணர்த்திய சிலவற்றை இங்கு எழுத விழைகின்றேன்.

லேவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை இன்புளுவென்சா என்னும் ஒரே நோயின் வைரசுக்கே அளித்தார். நம்மவர் தடிமன் காய்ச்சல் என்று எளிதாகச் சொல்லிவிடுவதனுள் இதுவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றது. ஆயின், 1918இலும் 1957இலும் 1968இலும் உலகெங்கும் பரவி உயிர்களை வாரிச்சென்ற நோய் இதுவே. இவ்வைரசின் மேற்பரப்பில் இருவகைப் புரதங்கள் முட்களைப்போல் நிற்கின்றன. ஈமக்குளூத்தினின் என்னும் முதலாவது, வைரசை நமது உயிர்க்கலத்தின்மீது ஒட்டச் செய்கின்றது. நியூரமினிடேசு என்னும் இரண்டாவது ஒரு நொதியம். கலத்தினுட் பெருகிய புதிய வைரசுகள் வெளியேறுங்கால் அவற்றைப் பிணிக்கும் சர்க்கரை மூலக்கூற்றினை வெட்டி விடுவிக்கின்றது. நமதுடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள் இவ்விரு புரதங்களையே முதன்மையாக நாடிப் பற்றுகின்றன. வைரசோ அவற்றின் உருவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டேயிருக்கின்றது. சென்ற ஆண்டுத் தடுப்பூசி இவ்வாண்டுக்குப் போதாதிருத்தற்கு இதுவே காரணம்.

இத்துறையில் லேவர் முதலிற் செய்த பணி எளிமையானது. முழு வைரசையுங் கொன்று ஊசியாற் செலுத்திய பழைய தடுப்பூசிகள், சிறப்பாகக் குழந்தைகளிடத்தே, காய்ச்சலை உண்டாக்கின. நியூசிலாந்தைச் சேர்ந்த றொபேட் வெப்ஸ்ரரும் லேவரும் வைரசை ஈதராலும் அழுக்ககற்றியாலும் சிதைத்து முயல்களுக்குச் செலுத்தினர். நச்சுவிளைவு நீங்கியது, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இயல்போ எஞ்சி நின்றது. இதனை அவர்கள் 1966இல் வெளியிட்டனர். இன்று உலகில் வழங்கும் இன்புளுவென்சாத் தடுப்பூசிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு சிதைத்த வைரசையோ அதன் மேற்பரப்புப் புரதங்களையோ கொண்டு ஆக்கப்படுவனவே.

இவ்வளவோடு அவர் நின்றிருப்பினும் பயனுள்ள வாழ்வென்றே சொல்லியிருப்போம். ஆனால் அவர் நிற்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் அவரும் வெப்ஸ்ரரும் நியூ சவுத் வேல்சின் தென்கரையில் உலாவியபோது, கடற்பறவைகள் பல இறந்து கரையொதுங்கியிருக்கக் கண்டனர். 1961இல் தென்னாபிரிக்காவில் ஆலாக்கள் பெருந்தொகையாக மடிந்தமைக்கு இன்புளுவென்சா வைரசு காரணமாயிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். இப்பறவைகளின் இறப்புக்குக் காரணம் வேறாயும் இருக்கலாம். எனினும் வினா எழுந்துவிட்டது: மனிதரைத் தாக்கும் புதிய வைரசுகள் பறவைகளிடமிருந்து வருகின்றனவோ? அவர்கள் பெருந்தடுப்புப் பவளப்பாறைத் தொடரின் சிறு தீவுகளுக்குச் சென்று, உயிருள்ள பறவைகளைக் கையாற் பிடித்துக் குருதி எடுத்தனர். தொண்டையைப் பஞ்சால் ஒற்றி மாதிரி சேர்த்தனர். 1957ஆம் ஆண்டின் ஆசிய இன்புளுவென்சா வைரசினது நியூரமினிடேசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் சில கடற்பறவைகளின் குருதி நீர்ப்பாயத்திற் காணப்பட்டன. பின்னர், நோயுற்றதாகத் தோன்றாத பறவையொன்றிலிருந்து வைரசே பிரித்தெடுக்கப்பட்டது. நீர்ப்பறவைகளே இன்புளுவென்சா ஏ வைரசின் இயற்கை இருப்பிடம் என்று இன்று பாடநூல்கள் கூறுகின்றன. அந்த உண்மைக்கு வழிகோலிய பணிகளுள் இதுவும் ஒன்று.

இவ்விடத்து என் சொந்த அனுபவமொன்றையுங் கூறவேண்டும். இறுதியாண்டு மாணவர் ஆய்வுத் தலைப்பைத் தெரிவுசெய்யும் வேளையில், "சேர், இதனால் என்ன பயன் என்று கேட்டால் என்ன எழுதுவது?" என்று என்னை வினவுவதுண்டு. விண்ணப்பப் படிவத்திலும் அதற்கென இரண்டு வரி இடம் விடப்பட்டிருக்கும். வினா நேர்மையானதே. பொதுமக்களின் பணத்தாற் கற்பவர் அதனைக் கேளாதிருத்தலும் தகாது. ஆயினும், பறவையின் தொண்டையை ஒற்றுவதால் நோயாளிக்கு என்ன பயன் என்று 1970இல் லேவரைக் கேட்டிருப்பின், அவர் அவ்விரு வரியில் எதனை எழுதியிருக்க முடியும்? அத்தீவுப் பயணங்களிற் சேர்த்த மாதிரிகளுள் ஒன்று பிற்காலத்தில் எவ்விடத்துக்கு இட்டுச்சென்றது என்பதை அன்று அவரும் அறிந்திலர்.

வைரசின் மேற்பரப்பிலிருந்து நியூரமினிடேசின் தலைப்பகுதியை நொதியமொன்றால் வெட்டியெடுத்துத் தூய்மையாக்கிய லேவர், அது பளிங்காக உறைதலைக் கண்டு 1978இல் அறிவித்தார். பளிங்கின் உட்கட்டமைப்பை எக்ஸ் கதிரால் ஆராய்தல் அவரது துறையன்று. எனவே அவர் தமது பளிங்குகளை மெல்பேணிலிருந்த பீற்றர் கோல்மனிடம் ஒப்படைத்தார். 1983இல் நியூரமினிடேசின் முப்பரிமாண அமைப்பு வெளியாயிற்று. அதன் நடுவே ஒரு குழி. வைரசின் குலங்கள் பலவற்றை ஒப்பிட்டபோது, மேற்பரப்பின் ஏனைய இடங்கள் மாறிக்கொண்டிருக்க, அக்குழியை ஆக்கும் அமினோவமிலங்கள் மாறாதிருந்தன. வெட்டுந்தொழில் நிகழுமிடம் அதுவே. அதனை மாற்றினால் வைரசின் பிழைப்பே கெடும்.

அவ்வாறாயின் பிறபொருளெதிரிகள் ஏன் அக்குழியைப் பற்றி வைரசை என்றென்றைக்கும் வெல்லவில்லை? இதற்கான விடையை நல்கியதே அந்தப் பறவை மாதிரி. பவளப்பாறைத் தொடரில் ஆலா இனப் பறவையொன்றிலிருந்து 1975இற் பெறப்பட்ட வைரசின் நியூரமினிடேசு, மிகச் சிறந்த பளிங்குகளைத் தந்தது. அந்நொதியமும் அதனைப் பற்றிய பிறபொருளெதிரியும் இணைந்த நிலையிலேயே பளிங்காக்கப்பட்டு, அவ்வமைப்பு 1987இல் வெளியிடப்பட்டது. பிறபொருளெதிரி பருமனானது, குழியினுட் புகாது அதன் விளிம்புகளைத் தழுவியே நின்றது. விளிம்பில் ஓர் அமினோவமிலத்தை மாற்றிவிட்டால் வைரசு தப்பிக்கொள்ளும், குழிக்கோ ஊறில்லை. ஒரேயொரு மாற்றம் தப்புதற்குப் போதும் என்பதனை ஈமக்குளூத்தினினைக் கொண்டு லேவரும் அவருடைய கூட்டாளிகளும் 1979இலேயே காட்டியிருந்தனர். முதன்முறை இதனைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். ஆண்டுதோறும் தடுப்பூசியை மாற்றவேண்டியிருக்கும் அவலத்தின் காரணம் ஒரு படத்திலே கண்முன் நின்றது.

குழிக்குட் செல்லக்கூடிய சிறு மூலக்கூறொன்றை ஆக்கலாம் என்ற எண்ணம் அதன் பயனாய் வலுப்பெற்றது. மார்க் வொன் இற்ஸ்ரீன் முதலான இரசாயனவியலறிஞர் ஆக்கிய சனமிவிர் என்னும் மருந்து 1999இற் பாவனைக்கு வந்தது. வாயால் உட்கொள்ளத்தக்க ஒசெல்ரமிவிரும் அதே ஆண்டில் வந்தது. கோல்மன், வொன் இற்ஸ்ரீன் ஆகியோருடன் லேவரும் 1996ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதனை வெற்றிக்கதையாக முடித்துவிடுதல் எளிது, உண்மையாகாது. 2007ஆம் ஆண்டின் பின்னர் ஒசெல்ரமிவிருக்குப் பணியாத வைரசுக்குலமொன்று உலகெங்கும் பரவியது. சோதனை விபரங்களை ஒருங்குதிரட்டி 2014இல் வெளியான மீளாய்வு, வளர்ந்தோரில் இம்மருந்துகள் நோய்க்குறிகளின் காலத்தை ஏறத்தாழ அரைநாளளவே குறைக்கின்றன எனக் கண்டது. தடுப்பூசியின் கூறுகளை உலக சுகாதார நிறுவனம் இன்றும் ஆண்டுக்கு இருமுறை மீளாய்ந்து பரிந்துரைத்து வருகின்றது. நாற்பதாண்டு உழைத்தும் இன்புளுவென்சா அழியவில்லை.

பயனை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோர் இதனை அரைகுறை வெற்றியென்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வைரசு எவ்விடத்திலிருந்து வருகின்றது, எவ்வாறு தப்புகின்றது, எவ்விடத்தில் அதனால் எளிதில் மாற இயலாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதில் ஒரு மனிதரின் வாழ்வு பங்குகொண்டது. பஞ்சும் படகும் கருக்கொண்ட கோழிமுட்டையும் முதலிரு வினாக்களுக்குப் பெரிதும் உதவின. மூன்றாவதற்குத் தம்மிடமில்லாத அறிவு தேவைப்பட்டபோது, அவர் பளிங்கைப் பூட்டிவைக்காது பிறர்கையிற் கொடுத்தார். கருவிகள் இல்லையே என்று அடிக்கடி நொந்துகொள்ளும் நம்போன்றோர் இவ்விரண்டையுஞ் சேர்த்தே எண்ணிப்பார்த்தல் நன்று. எளிய கருவியால் விடைகாணத்தக்க நல்ல வினாக்கள் நம் கடற்கரைகளிலும் வயல்களிலும் கிடக்கின்றன. அவற்றைக் குனிந்தெடுக்கும் பொறுமையும், நம்மால் இயலாத எல்லை வந்தவிடத்து இயன்றவரிடம் கையளிக்கும் மனமும் வாய்க்குமாயின், பயன் தானே வந்து சேரும். அது வரும் ஆண்டினை மட்டும் எந்தப் படிவத்திலும் முன்கூட்டி எழுதிவிட முடியாது.