பால்கி தங்கிய இரவு

ஜூலை 1
பண்டரிபுரத்துக்கு நடந்துபோகும் துக்காராம் பால்கி ஊர்வலம் நானா பேட்டை நிவடுங்க்யா விட்டோபா கோயிலில் தங்கியிருக்கிறது. தாளம் தட்டிக்கொண்டிருந்த வார்க்கரிப் பெண்கள் நடுவில் என் மகள் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் சுற்றில் அபங்கத்தில் சேர்ந்துகொண்டாள். மூன்றாம் சுற்றில் அவர்கள் நிறுத்திவிட்டு இவளைப் பாடவிட்டார்கள். மேல் ஸ்தாயியில் கொஞ்சமும் பிசிறில்லை. எட்டு வருஷமாக என்னோடு இருக்கும் குழந்தை. இந்தக் குரல் எங்கே இருந்தது? ஒரு பாட்டி இவளுக்குத் திருஷ்டி கழித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஜூலை 2
தூக்கமில்லை.

ஜூலை 6
அம்மாவிடம் போனில் சொன்னேன். “நம்மாத்துல யாருக்கும் பாட்டு கிடையாதேடி” என்றாள். பிறகு, “கர்நாடக சங்கீதத்துல சேர்த்துடு.” இவரோ, அபங்கத்தில் பிடித்த காதை ஏன் மாற்ற வேண்டும் என்கிறார்.

ஜூலை 13
பாடகர் பீம்சேன் ஜோஷியின் இளமையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதக்கில் பஜனை கோஷ்டி பின்னாலேயே போய், களைத்த இடத்தில் தூங்கிவிடுவாராம். தேடி அலுத்த அப்பா, பையனின் சட்டையில் ‘ஜோஷி வாத்தியார் மகன்’ என்று எழுதிவிட்டார். அப்புறம் ஜோஷி கேட்டது அப்துல் கரீம் கானின் இசைத்தட்டு. 1933இல், 11 வயதில், குருவைத் தேடி வீட்டைவிட்டே கிளம்பிவிட்டார். ஜலந்தரில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தவரும் அதே அப்பாதான். எல்லோரும் பிள்ளை ஓடியதைக் கொண்டாடி எழுதுகிறார்கள். எனக்கு அந்த அப்பாவை விட்டு மனசு நகரவில்லை. பாட்டைத் தடுக்காமல், பிள்ளை வீடு வந்து சேர ஒரு விலாசம் எழுதிவைத்த மனுஷர்.

அந்தக் கான் சாகேப் தியாகராஜர் கீர்த்தனையும் பாடி இசைத்தட்டில் பதிந்தவர். 1937இல் உயிர் பிரிந்தது நம் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 19
குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். நான் கேட்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

ஜூலை 27
விடாத மழை. கஸ்பா பேட்டையில் பாட்டு கற்றுத்தரும் டீச்சரைப் பார்த்தோம். முதலில் தம்பூராவோடு ஸா மட்டும். மேடை, போட்டி பற்றிப் பேசவே கூடாது என்றார். இவள் முகம் வாடியது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள்.

திரும்பி வரும்போது, பண்டரிபுரம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். 200 கிலோமீட்டருக்கு மேல் என்றேன்.

“அவ்வளவும் பாடிண்டேவா நடப்பா?”

“ஆமாம்.”

“அடுத்த வருஷம் நானும் போகட்டுமா?”

அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.