வியப்புக்குறியைத் தேடி

யூலை மாதத்தில் ஃபுர்க்கா கணவாய்ப் பக்கம், 2000 மீற்றருக்கு மேலே, ஈரப் பாதையோரங்களில் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் உப்புறிஞ்சக் கூடும். சிறகு விரித்தால் 3 சென்ரிமீற்றர் வருவதே அரிது. கரும்பழுப்பில் வெள்ளைக் கட்டங்கள். தத்திப் பறப்பதால் ஆங்கிலத்தில் ஸ்கிப்பர். ஜெர்மனில் தடித்தலையன், அந்தச் சொல்லுக்குப் பிடிவாதக்காரன் என்றும் பொருளுண்டு. பைர்கஸ் என்ற இந்தப் பேரினத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்த பல இனங்கள் ஆல்ப்ஸில் வாழ்கின்றன.

மேற்பக்கத்தை மட்டும் பார்த்துப் பேர் சொல்வது கஷ்டம். பின்சிறகின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். புள்ளியும் கோடுமாக ஒரு வியப்புக்குறி தெரிந்தால் அண்ட்ரோமெடே. முன்சிறகின் மேற்பக்கத்து வெள்ளைப் புள்ளிகள் மிகச் சிறுத்து மங்கியிருந்தால் ககாலியே. முன்சிறகின் நடுப்புள்ளி 'சி' எழுத்துப்போல வளைந்து, பின்சிறகின் அடிப்பக்கம் செம்பழுப்பாக இருந்தால் கார்லினே. வெயிலில் சிறகை விரித்தே வைத்திருப்பார்கள். மேகம் மறைத்துச் சிறகு மூடும்வரை முழங்காலில் காத்திருக்கவேண்டும்.

காத்திருந்தும் எல்லாம் பிடிபடாது. மல்வே, மல்வோய்டிஸ் என்ற இரண்டையும் பிரித்தறிய, பூச்சியைக் கொன்று இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். 1926இல் இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய வாரன் அப்படித்தான் பார்த்தார். வாரனென்சிஸ் என்ற ஆல்ப்ஸ் இனம் அவர் பேரைத் தாங்குகிறது.

நான் வேலைசெய்த உணவகச் சமையலறையில் தமிழர் நாலுபேர். பதினொரு வருடமும் முதலாளி எங்கள் பேர்களை மாற்றி மாற்றித்தான் கூப்பிட்டார். கெட்ட மனிதரல்ல, உற்றுப் பார்க்க அவருக்கு அவசியம் வரவில்லை. எனக்கு இந்தப் பூச்சிகளில் பிடிவாதம் வந்தது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். "எல்லாம் ஒண்டுதானே" என்று யாராவது சொன்னால் இப்போதும் சுருக்கென்கிறது.

போன கோடையில் சிறகு தேய்ந்த ஒன்று என் பையில் வந்து உட்கார்ந்தது. அடையாளமெல்லாம் அழிந்திருந்தது. கொல்லாமல் பேர் தெரியாது. இங்கே பிறந்த மகள் சொன்னாள்: "பேர் தெரியாட்டிப் பரவாயில்லை அப்பா. இருந்தது எண்டு எழுதுங்கோ."

பைர்கஸ், ஒன்று, 2300 மீற்றர் என்று எழுதினேன். இனத்துக்கான கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நான் எழுதி முடிக்கும்வரை அது பையிலேயே இருந்தது.