வளையல் தப்பிய கதை

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் கலைப் பட்டதாரிக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். வெண்ணந்தூரில் என் அக்காவின் வளையல்கள் அடகுக்குப் போகவிருந்தன, அதனால் தலையிட்டேன்.

2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அக்கா மகனும் தன் கணிப்பொறியை விண்டோஸ் 7-க்கு மாற்றினான். பொறியியல் இறுதியாண்டு, துணியின் படங்களில் இழைக் குறைகளைக் கண்டறியும் திட்டம். கணக்கு முழுவதையும் செய்தது வரைகலை அட்டை. எக்ஸ்பியில் ஒழுங்காக நடந்தது, இப்போது திரை இருண்டு மீண்டது. சில வேளை நீலத்திரையோடு அடியோடு நின்றது. பழுதுபார்ப்பவர், "அட்டை எரிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். நானோ, இரவெல்லாம் விளையாடியதன் பலன் என்று அவனைக் கடிந்துகொண்டேன்.

"மாமா, விளையாடும்போது ஒருமுறைகூட நிற்கவில்லையே!" என்றான்.

எரிந்த அட்டையாயின் அங்கும் நின்றிருக்க வேண்டுமல்லவா? இஷாவுக்குப் பின் இருவரும் அமர்ந்தோம். கணிப்பொறியின் நிகழ்வுப் பதிவில் 4101 என்னும் எண்ணுடன் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப இருந்தது: திரை இயக்கி பதிலளிக்கவில்லை, மீட்கப்பட்டது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தோம், கணக்கு முடிந்தது!

அவன் தேடிப் படித்தபின் காரணம் விளங்கியது. கணக்கிடும் அட்டையே திரையையும் வரைகிறது. கணக்கில் மூழ்கி அது 2 நொடி பதிலளிக்காவிட்டால், உறைந்துவிட்டதென எண்ணி விண்டோஸ் அதன் இயக்கியை மீளத் தொடக்கிவிடும். விஸ்டாவில் வந்த காவல் இது. குறுகிய நேரத்தில் பலமுறை நேர்ந்தால் நீலத்திரை. எக்ஸ்பியில் அவ்வெல்லை ஏறக்குறைய 5 நொடி. இவன் கணக்குக்கு மூன்று நொடிக்கு மேல்!

அக்காவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊடை அறுந்தால் விசைத்தறி தானே நிற்கும். அதைத் தறி கெட்டதென்று யார் சொல்வார்?

எல்லையை நீட்டவும் வழியுண்டு. ஆனால் அட்டை மெய்யாகவே உறைந்தால் திரையும் அவ்வளவு நேரம் உறைந்திருக்கும். தேர்வாளர் முன் இயக்க வேண்டிய கல்லூரிக் கணிப்பொறியிலோ நாம் கைவைக்க இயலாது. ஆகவே படத்தைப் பதினாறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றாக அனுப்பினான். ஒரு துண்டுக்கு அரை நொடியும் ஆகவில்லை.

வளையல்கள் அக்காவின் கையிலேயே இருக்கின்றன. மருமகனிடம் நான் வருத்தம் தெரிவித்தது மறுநாள் காலையில்தான்; அன்றிரவே சொல்லியிருக்கலாம்.