நாட்டிங்ஹாமில் ஒரு மேடு

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகருக்குப் போகிறவர்கள் ராபின்ஹுட்டைத் தேடுவது வழக்கம். நானோ மூன்று கியர் சைக்கிளின் பிறந்தகத்தைத் தேடிப் போனேன். ராலே தொழிற்சாலை இருந்த பூமியில் ஒரு பகுதி இப்போது ஸர்வகலாசாலையின் ஜூபிலி வளாகமாக விளங்குகிறது. ராலே முதலாளி பிராங்க் பௌடனின் முயற்சியால் 1902-ல் உருவான ஸ்டர்மி-ஆர்ச்சர் குடம் இவ்வூரிலிருந்துதான் உலகெங்கும் சென்றது. 2000-ல் அத்தொழில் தைவானுக்குப் போய்விட்டது.

குடம் என்றால் பின்சக்கரத்தின் நடுப்பாகம். கியர்கள் யாவும் அதற்குள்ளே ஒளிந்திருக்கின்றன. குடத்தின் பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், முதல் கியரில் சக்கரம் முக்கால் சுற்றும், இரண்டாவதில் ஒரு சுற்றும், மூன்றாவதில் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்றும்.

நண்பர் இரவல் தந்த அத்தகைய சைக்கிளில் டார்பி ரோடு மேட்டில் ஏறினேன். உச்சியிலுள்ள சந்திக்குக் 'கானிங் சர்க்கஸ்' என்று பெயர். யானை, புலி ஒன்றும் அங்கே இல்லை, சர்க்கஸ் என்னுடையதுதான். முதல் கியரிலும் முழங்கால் கெஞ்சவே, பாதி வழியில் இறங்கித் தள்ளினேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, ஆசனத்தை விட்டு எழாமலே மிதித்து வந்து என்னருகில் நின்றாள்.

"பின்னால் எத்தனை பல்?" என்றாள்.

என் கடைவாயைத்தான் விசாரிக்கிறாளோ என்று திகைத்தேன். பிறகு குனிந்து எண்ணினேன். முன்னே 46, பின்னே 18.

"எனக்குப் பின்னால் 22. மேட்டைப் பார்த்துப் பல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஐயா! சமவெளியைப் பார்த்து அல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். பெடல் ஒரு சுற்றுக்கு என் முதல் கியரில் சக்கரம் 1.92 முறை சுற்றும். 22 பல்லானால் 1.57 முறைதான். வேகம் போய்விடுமோ? இல்லை, புதிய மூன்றாவது கியர் 2.79, பழைய நடுக் கியர் 2.56. சமவெளிக்கு மூன்றாவதே போதும்! படிகளின் இடைவெளி குடத்தைச் செய்தவர் வகுத்தது. படிக்கட்டை எங்கே தொடங்குவது என்பது நம் கையில்.

நண்பர் சம்மதித்தார். வளையக் கம்பியை நெம்பிப் பற்சக்கரத்தை மாற்றிச் சங்கிலியையும் சிறிது நீட்டினோம். மறுநாள் அதே மேடு. மெதுவாகத்தான் ஏறினேன், ஆனால் இறங்கவில்லை.

உச்சியில் மூச்சு வாங்குகையில் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. கெட்டிக்காரப் பையனுக்கு ஏற்ற வேகத்திலேயே இருபது வருஷமாகப் பாடம் நடத்தி வந்திருக்கிறேன். பாதி மேட்டில் இறங்கித் தள்ளிய பிள்ளைகள் எத்தனை பேரோ?